அத்தியாயம் 6: டாரின் அமைவுக் கையேட்டைப் புதுப்பித்தல்

இணையத்தில் அடையாளத்தை மறைக்க உதவும் டார் மென்பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை டார்ஆர்சி என்ற சாதாரண உரைக் கோப்பு தீர்மானிக்கிறது. வரிக்கு ஓர் அமைவு: முதலில் பெயர், பிறகு மதிப்பு. எந்தப் போர்ட்டில் இணைப்புகளை ஏற்பது, மாதத்துக்கு எவ்வளவு தரவைக் கடத்துவது, பிறருடைய இணைப்புகளைத் திறந்த இணையத்துக்குள் அனுப்புவதா, டாருக்குள் மட்டுமே எட்டக்கூடிய தளமான ஆனியன் சர்வீஸின் சாவிகளை எந்த அடைவில் வைப்பது என்று சில நூறு அமைவுகள் இருக்கின்றன. அவற்றையெல்லாம் ஒரே இடத்தில் விளக்கும் ஆவணம், மூலநிரலோடு சேர்ந்து வளரும் கையேடு. லினக்ஸ் முனையத்தில் 'மேன் டார்' என்று தட்டினால் திரையில் விரிவது அதுதான். அந்தக் கையேட்டைப் புதுப்பிக்கும் வேலையைப் பற்றியது இந்த அத்தியாயம்.

வேறு மென்பொருள்களின் கையேடுகளைத் திருத்தியவர்களுக்கு இந்த வேலையில் பாதி பழக்கமானதாக இருக்கும். மீதிப் பாதி புதியது. ஒரு வலை சர்வரின் கையேட்டில் தவறான வரி இருந்தால் பக்கம் திறக்காது, பிழைச் செய்தி வரும், பயனர் தேடிப் பார்த்துச் சரிசெய்துகொள்வார். டாரில் தவறான அமைவோடும் பக்கம் திறக்கும், கோப்பு இறங்கும், எல்லாம் நன்றாக நடப்பதாகவே தோன்றும். தன் அடையாளம் மறைந்திருக்கும் அளவு குறைந்துவிட்டது என்று எந்தத் திரையும் பயனருக்குச் சொல்வதில்லை. செய்தி ஆதாரத்தைக் காக்க வேண்டிய பத்திரிகையாளர், வன்முறை செய்யும் கணவனிடமிருந்து விலகி வாழும் பெண், தணிக்கை மிகுந்த நாட்டின் மாணவர் என யாராக இருந்தாலும், கையேட்டின் ஒரு வாக்கியத்தை நம்பி ஒரு வரியை எழுதுகிறார். அந்த வாக்கியம் காலாவதியானதா என்று சோதித்தறிய அவருக்கு வழியில்லை. அதனால் டாரின் கையேட்டில் செய்யும் திருத்தத்தை நான் பாதுகாப்புத் திருத்தமாகவே மதிக்கிறேன். நீங்களும் அந்தக் கவனத்தோடு இதைத் தொடங்குங்கள்.

படிக்க வசதியாக அமைவுகளின் பெயர்களை இங்கே தமிழ் ஒலிப்பில் தருகிறேன். கோப்பில் அவை ரோமன் எழுத்தில் இருக்கும். பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை டார் பொருட்படுத்தாது.

மூன்று இடங்கள்

ஓர் அமைவைப் பற்றிய தகவல் மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது மூலநிரல். 'கான்ஃபிக்' என்ற சி மொழிக் கோப்பில் நீண்ட அட்டவணை ஒன்றைக் காண்பீர்கள். ஒவ்வோர் அமைவின் பெயர், அதன் மதிப்பு எந்த வகை, இயல்பு மதிப்பு என்ன என்பவை அதில் வரிசையாக இருக்கும். அண்மைய பதிப்புகளில் சில பகுதிகளின் அமைவுகள் தனித் துணைக்கோப்புகளுக்குப் பிரிந்துவிட்டன, ஆகவே அட்டவணையில் தேடிய பெயர் கிடைக்கவில்லை என்றால் உடனே 'நீக்கிவிட்டார்கள்' என்று முடிவுகட்டாமல் முழு மூலநிரலிலும் தேடுங்கள். இரண்டாவது இடம் கையேடு. அது ஆஸ்கிடாக் என்ற எளிய குறியீட்டு வடிவில் எழுதப்பட்டு, பிறகு மேன் பக்கமாகவும் ஹெச்டிஎம்எல் பக்கமாகவும் உருமாறுகிறது. மூன்றாவது, டாரோடு சேர்த்து அனுப்பப்படும் மாதிரி டார்ஆர்சி.

இவை மூன்றும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது எதை நம்புவது? மென்பொருள் இன்று என்ன செய்கிறது என்ற கேள்விக்கு மூலநிரல் மட்டுமே பதில் சொல்ல முடியும். அதற்காகக் கையேட்டைக் கண்ணை மூடிக்கொண்டு மூலநிரலுக்கு ஏற்ப மாற்றிவிடக் கூடாது. சில நேரங்களில் கையேடு சொல்வதுதான் உருவாக்குநர்கள் நினைத்தது, மூலநிரல்தான் வழுவியிருக்கிறது. பயனருக்குப் பாதுகாப்பான நடத்தையைக் கையேடு உறுதியளிக்கிறது, நிரல் அதைச் செய்யவில்லை என்றால், கையேட்டில் கை வைக்காதீர்கள். டிக்கெட் (பிழை அறிக்கை) எழுதி, நிரலாளர்களிடம் கேட்டு, எது தவறு என்று தெரிந்தபின் திருத்துங்கள்.

பெயர்ப் பட்டியலை ஒப்பிடுவதற்கு மனித உழைப்பு தேவையில்லை. மூலநிரலை இறக்கி, உங்கள் கணினியில் தொகுத்து, அந்த டாரை 'லிஸ்ட்-டார்ஆர்சி-ஆப்ஷன்ஸ்' என்ற கட்டளைத் தேர்வோடு இயக்குங்கள். அந்தப் பதிப்புக்குத் தெரிந்த எல்லா அமைவுகளின் பெயர்களும் வரிசையாக வரும். 'லிஸ்ட்-டெப்ரிகேட்டட்-ஆப்ஷன்ஸ்' என்று கேட்டால், இன்னும் வேலை செய்தாலும் கைவிடப்படவிருக்கும் அமைவுகள் வரும். இந்தப் பட்டியலையும் கையேட்டையும் மாதிரிக் கோப்பையும் ஒப்பிட்டு, எதில் எது விடுபட்டிருக்கிறது என்று காட்டும் பெர்ல் நிரல் ஒன்று மூலநிரலோடேயே வருகிறது. 'மேக் செக்-டாக்ஸ்' என்று கட்டளையிட்டால் அது ஓடும். ஏற்கெனவே கணினியில் நிறுவியிருக்கும் பழைய டாரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அது தன் காலத்துப் பட்டியலைத்தான் சொல்லும்.

அந்த நிரல் பெயர்களை மட்டுமே பார்க்கிறது. மதிப்பு சரியா, விளக்கம் சரியா என்று அதற்குத் தெரியாது. உங்கள் உழைப்பு தேவைப்படுவது அங்கேதான்.

இயல்பு மதிப்பின் உண்மை

கையேட்டின் பல பதிவுகள் அடைப்புக்குறிக்குள் இயல்பு மதிப்பைச் சொல்லி முடிகின்றன. சாக்ஸ்போர்ட்டுக்கு 9050. மேக்ஸ்சர்க்யூட்டர்ட்டினெஸ்ஸுக்கு 10 நிமிடம்: ரிலேக்கள் எனப்படும் இடைச் சர்வர்கள் வழியாக டார் அமைக்கும் ஒரு சுற்று முதலில் பயன்பட்டு இவ்வளவு நேரம் ஆனபின் புதிய இணைப்புகள் அதில் ஏற்றப்படுவதில்லை. இப்படி அட்டவணையில் உள்ள எண்ணும் கையேட்டின் எண்ணும் ஒன்றாக இருந்தால் வேலை முடிந்தது.

அட்டவணையில் 0 என்றோ 'ஆட்டோ' என்றோ இருந்தால் முடியவில்லை. நம்சிபியூஸ் என்ற அமைவில் 0 என்பதற்கு, எத்தனை செயலிகள் இருக்கின்றன என்று டாரே கண்டுபிடித்துக்கொள்ளும் என்று பொருள். மேக்ஸ்மெம்இன்க்யூஸில் 0 என்றால், கணினியின் நினைவகத்தைப் பார்த்து டார் தானே ஓர் அளவைத் தேர்ந்தெடுக்கிறது. வேறு சில அமைவுகளில் 'ஆட்டோ' என்றால் முடிவு உங்கள் கணினியிலேயே இல்லை. டார் வலையமைப்பில் டைரக்டரி அதாரிட்டிகள் எனப்படும் நம்பிக்கைக்குரிய சர்வர்கள் மணிக்கொரு முறை வாக்களித்துக் கான்சென்சஸ் என்ற கூட்டு ஆவணத்தை வெளியிடுகின்றன. ரிலேக்களின் பட்டியலோடு, வலையமைப்பு முழுவதும் பின்பற்ற வேண்டிய சில அளவுருக்களும் அதில் இருக்கும். பயனர் தானே ஒரு மதிப்பை எழுதாதவரை அந்த அளவுருதான் செல்லும்.

இப்படிப்பட்ட பதிவுகளில் 'இயல்பு: 0' என்று மட்டும் எழுதி நிறுத்துவது வாசகரை ஏமாற்றுவதாகும். 0 என்றால் அணைந்திருக்கிறது என்றே யாரும் படிப்பார்கள். 0 அல்லது 'ஆட்டோ' இருக்கும்போது என்ன நடக்கிறது, முடிவெடுப்பது கணினியா கான்சென்சஸா, கான்சென்சஸ் என்றால் அளவுருவின் பெயர் என்ன என்பதைப் பதிவிலேயே எழுதுங்கள். கான்சென்சஸ் இன்று சொல்லும் எண்ணைக் கையேட்டில் எழுதாதீர்கள். நாளைய வாக்கெடுப்பில் அது மாறினால் யாரும் வந்து உங்கள் வரியைத் திருத்தப்போவதில்லை.

சரிபார்க்க இரண்டு வழிகள் உண்டு. 'டம்ப்-கான்ஃபிக்' தேர்வு, டார் தன் அமைவுகளை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறது என்று அச்சிடும். ஓடிக்கொண்டிருக்கும் டாரிடம் கன்ட்ரோல்போர்ட் வழியாக 'கெட்கான்ஃப்' கட்டளையில் கேட்கலாம். 'வெரிஃபை-கான்ஃபிக்' என்று இன்னொன்றும் இருக்கிறது. கோப்பில் இலக்கணப் பிழை, பொருந்தாத மதிப்பு ஆகியவற்றை அது சொல்லும். அதில் தேறிய கோப்பு பாதுகாப்பானது என்று மட்டும் யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

மதிப்பு மாறாமல் பொருள் மாறும்போது

இந்த வேலை எவ்வளவு நுணுக்கமானது என்று புரிந்துகொள்ள எக்ஸிட்ரிலே என்ற அமைவைப் பாருங்கள். ரிலே நடத்துபவர்களுக்கு இதைவிட முக்கியமான வரி இல்லை. எக்ஸிட் ரிலே என்பது டார் சுற்றின் கடைசிக் கண்ணி. பயனர் போக விரும்பும் தளத்தை அதுதான் நேரடியாகத் தொடர்புகொள்கிறது. ஆகவே யாரோ ஒருவர் டார் வழியாகச் செய்யும் தவறுக்கான புகார்க் கடிதம், சில நாடுகளில் காவல்துறை, எக்ஸிட் நடத்துபவரின் முகவரியைத் தேடி வரும். தெரிந்தே, தயாராகச் செய்ய வேண்டிய தொண்டு அது.

எக்ஸிட்ரிலேயின் இயல்பு மதிப்பு 'ஆட்டோ'. 0.3.5 வரிசைக்கு முன்பு 'ஆட்டோ' என்றால், ரிலே எக்ஸிட்டாகவும் செயல்படும். எந்தெந்த முகவரிகளுக்கு இணைப்பை விடலாம் என்று சொல்லும் எக்ஸிட்பாலிசியை எழுதாமல் விட்டிருந்தால் எச்சரிக்கை வரும், அவ்வளவுதான். 2019 தொடக்கத்தில் நிலைப்பதிப்பாக வந்த 0.3.5 இதை மாற்றியது. இப்போது 'ஆட்டோ' என்றால் எக்ஸிட்பாலிசி, ரெட்யூஸ்டுஎக்ஸிட்பாலிசி, ஐபிவி6எக்ஸிட் ஆகிய மூன்றில் ஒன்றையாவது நடத்துபவர் தானே எழுதியிருக்கிறாரா என்று டார் பார்க்கும். எழுதியிருந்தால் எக்ஸிட், இல்லையென்றால் இல்லை.

முன்பும் 'ஆட்டோ', பின்பும் 'ஆட்டோ'. அட்டவணையை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடும் தெரியாது, பெயர்களைச் சோதிக்கும் நிரலும் அமைதியாக இருக்கும். ஆனால் ஒன்றுமே எழுதாமல் ரிலே தொடங்கியவரின் சட்டப் பொறுப்பே தலைகீழாகிவிட்டது. நல்ல மாற்றம்தான், அறியாமல் எக்ஸிட் நடத்தும் ஆபத்திலிருந்து புதியவர்களைக் காப்பாற்றிய மாற்றம். அதே நேரம், எதுவும் எழுதாமலே எக்ஸிட் நடத்தி வந்தவர் புதிய பதிப்புக்கு மாறியதும் எக்ஸிட்டாக இல்லாமல் போவார். இரு தரப்புக்கும் இதைச் சொல்ல வேண்டியது கையேட்டின் அந்த ஒரு பத்திதான்.

ஆகவே இயல்பு மதிப்பைச் சரிபார்ப்பது என்றால் அந்த மதிப்பை நிரலின் எந்தச் செயற்கூறு எப்படிப் படிக்கிறது என்று தேடிப்போய்ப் பார்ப்பது. ஓர் அமைவின் பெயரை மூலநிரல் முழுவதும் தேடினால் பெரும்பாலும் சில இடங்களே வரும். சி மொழி முழுக்கத் தெரிய வேண்டும் என்றில்லை. நிபந்தனைக் கூற்றுகளைப் படிக்கத் தெரிந்தால் பெரும்பாலான அமைவுகளுக்குப் போதும், மற்றவற்றுக்கு நிரலாளரைக் கேளுங்கள். ஓர் அமைவு சோதனை வலையமைப்புகளில் வேறு இயல்பு மதிப்பைப் பெறுகிறதா என்றும் பாருங்கள். டெஸ்டிங்டார்நெட்வொர்க் இயக்கப்பட்டால் பல அமைவுகளின் இயல்பு மதிப்புகள் மாறும். கையேட்டின் அந்தப் பகுதி தனியே இருப்பதால் திருத்துபவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு பதிவை எழுதும் முறை

முதலில் பெயர், அடுத்து ஏற்கும் மதிப்புகளின் வடிவம், பிறகு விளக்கம், கடைசியில் இயல்பு மதிப்பு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு பகுதிக்குள்ளும் அமைவுகள் ரோமன் அகரவரிசையில் இருக்கும், புதிய பதிவை அதற்குரிய இடத்தில் செருகுங்கள். ஆஸ்கிடாக்கில் பதிவுக்கு இரண்டாம் பத்தி தேவைப்பட்டால், இரண்டுக்கும் நடுவே கூட்டல் குறி மட்டும் உள்ள வரி ஒன்று வேண்டும். அதை விட்டுவிட்டால் அந்தப் பத்தி பதிவிலிருந்து பிரிந்து அநாதையாக நிற்கும். நட்சத்திரக் குறி தடித்த எழுத்துக்கான குறியீடு. எக்ஸிட்பாலிசி எடுத்துக்காட்டுகளில் முகவரிக்குப் பதிலாக அதே நட்சத்திரம் வருவதால், அவற்றை உள்தள்ளிய தனித் தொகுதியாகத்தான் எழுத வேண்டும். திருத்தி முடித்ததும் மேன் பக்கத்தை உருவாக்கி, கண்ணால் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

உள்ளடக்கத்துக்கு அக்கவுன்டிங்மேக்ஸ் பதிவை முன்மாதிரியாகச் சொல்வேன். ஒரு கணக்குக் காலத்தில் ரிலே எவ்வளவு தரவைக் கடத்தலாம் என்ற உச்சவரம்பை அது குறிக்கிறது. வரம்பை எட்டினால் ரிலே உறக்கநிலைக்குப் போய், அடுத்த காலம் தொடங்கியபின் விழிக்கும். 1 டெராபைட் என்று ஒருவர் எழுதினால், மொத்தமே 1 டெராபைட்தான் போகும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் பெறுவது, அனுப்புவது இரண்டையும் டார் தனித்தனியாக எண்ணுகிறது; இரண்டில் எது முதலில் வரம்பைத் தொடுகிறதோ அப்போதுதான் உறங்கும். 900 ஜிகாபைட் அனுப்பி 800 ஜிகாபைட் பெற்ற ரிலே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் என்று கையேடு எண்களோடு எடுத்துக்காட்டுகிறது. ரிலே தான் பெற்றதை அப்படியே அடுத்தவருக்குக் கடத்துவதால் இரண்டு கணக்கும் ஏறக்குறைய சமமாக ஓடும். ஆக 1 டெராபைட் என்று எழுதியவரின் மாதப் பயன்பாடு 2 டெராபைட்டை நெருங்கலாம். சர்வர் வாடகைக்குக் கொடுக்கும் நிறுவனம் இரண்டையும் கூட்டிக் கணக்கிட்டால், நல்லெண்ணத்தில் ரிலே நடத்தும் ஒரு மாணவர் எதிர்பாராத கட்டணத்தில் மாட்டிக்கொள்வார். கூட்டுத்தொகையைக் கணக்கில் எடுக்க வேண்டுமென்றால் அக்கவுன்டிங்ரூல் என்ற வேறொரு அமைவில் 'சம்' என்று எழுத வேண்டும். அந்தப் பெயரும் இதே பதிவில் வந்துவிடுகிறது.

இந்தப் பதிவை நான் மெச்சுவதற்குக் காரணம், வாசகர் எங்கே தடுமாறுவார் என்று எழுதியவர் முன்பே யோசித்திருக்கிறார். எண்களோடு ஓர் எடுத்துக்காட்டு, தொடர்புடைய அமைவின் பெயர், விளைவு மூன்றும் இருக்கின்றன. அலகுகளிலும் இதே கவனம் வேண்டும். பேண்ட்வித்ரேட்டில் அலகு எழுதாமல் வெறும் எண் போட்டால் டார் அதை பைட் என்று எடுத்துக்கொள்ளும். இணையச் சேவை நிறுவனங்கள் வேகத்தை பிட் கணக்கில் விளம்பரம் செய்கின்றன, எட்டு மடங்கு வித்தியாசம். பைட்டா பிட்டா என்பதை முழுச் சொல்லாக எழுதச் சொல்லிக் கையேடு பரிந்துரைப்பது அதனால்தான். நீங்கள் எழுதும் எடுத்துக்காட்டுகளிலும் சுருக்கெழுத்தைத் தவிருங்கள்.

இன்னும் சில கேள்விகளுக்கும் பதிவில் பதில் இருக்க வேண்டும். இந்த அமைவைப் பல முறை எழுதலாமா? சாக்ஸ்போர்ட்டை எத்தனை முறையும் எழுதலாம், ஒவ்வொன்றும் ஒரு புதிய போர்ட்டைத் திறக்கும். எக்ஸிட்பாலிசியில் வரிசை முக்கியம், முதலில் பொருந்தும் விதியே செல்லும். டார் ஓடும்போதே மாற்றலாமா, மறுபடி தொடங்க வேண்டுமா? டேட்டாடைரக்டரியை ஓடும்போது மாற்ற முடியாது. எல்லா இயங்குதளத்திலும் உண்டா? சாண்ட்பாக்ஸ் லினக்ஸில் மட்டுமே வேலை செய்யும்.

யார் தொடக் கூடாது

அநாமதேய மென்பொருளின் கையேட்டில், ஓர் அமைவு யாருக்கு உதவும் என்பதைவிட யார் அதை விட்டுவிட வேண்டும் என்பது முக்கியமான தகவல். டார் ஒருவரை மறைப்பது, அவரைப் போலவே நடந்துகொள்ளும் பெருங்கூட்டத்துக்குள் அவரைச் சேர்த்துவிடுவதால். பாதையைத் தானே தேர்ந்தெடுப்பவர் அந்தக் கூட்டத்திலிருந்து விலகித் தனியாகத் தெரிகிறார். என்ட்ரிநோட்ஸ், எக்ஸிட்நோட்ஸ், மிடில்நோட்ஸ், எக்ஸ்க்ளூட்நோட்ஸ் நான்கும் இந்த வகை. குறிப்பிட்ட நாட்டு எக்ஸிட் வழியாக மட்டும் போக வேண்டும் என்று எழுதுவது எளிது. அதன் விலை அந்த வரியைப் பார்த்தால் தெரியாது.

இவற்றோடு பின்னிக்கிடப்பது ஸ்ட்ரிக்ட்நோட்ஸ். டார் பற்றிப் பலரும் எழுதிவைத்த செய்முறைக் குறிப்புகளில் எக்ஸிட்நோட்ஸ் வரிக்குக் கீழே ஸ்ட்ரிக்ட்நோட்ஸ் 1 என்று சேர்க்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் ஸ்ட்ரிக்ட்நோட்ஸ் கட்டுப்படுத்துவது எக்ஸ்க்ளூட்நோட்ஸை மட்டுமே. எக்ஸிட்நோட்ஸ், மிடில்நோட்ஸ், எக்ஸ்க்ளூட்எக்ஸிட்நோட்ஸ் எதற்கும் அது பொருந்தாது என்று கையேடு பெயர் சொல்லி மறுக்கிறது. குழப்பத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. முன்னொரு காலத்தில் ஸ்ட்ரிக்ட்எக்ஸிட்நோட்ஸ், ஸ்ட்ரிக்ட்என்ட்ரிநோட்ஸ் என்று இரண்டு அமைவுகள் இருந்தன. பிறகு அவை ஸ்ட்ரிக்ட்நோட்ஸுக்குள் கரைந்தன, பழைய பழக்கம் மட்டும் கைமாறிக் கைமாறி இன்றுவரை வருகிறது. வெளியே ஒரு தவறான நம்பிக்கை இவ்வளவு பரவியிருக்கும்போது, கையேட்டில் 'இது எக்ஸ்க்ளூட்நோட்ஸுக்கானது' என்று சரியாக மட்டும் எழுதினால் போதாது. எதற்குப் பொருந்தாது என்பதையும் எழுத வேண்டும். அந்த மறுப்பை நீளம் கருதி யாராவது வெட்ட முன்வந்தால் எதிர்த்து நில்லுங்கள்.

பெயரே எச்சரிக்கையாக இருப்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. தன் இருப்பிடத்தை மறைக்கத் தேவையில்லாத பெரிய தளம், வேகத்துக்காக ஆனியன் சர்வீஸின் பக்கத்தில் சுற்றைச் சுருக்கிக்கொள்ளலாம். அதற்கு ஹிடன்சர்வீஸ்சிங்கிள்ஹாப்மோட் மட்டும் போதாது. ஹிடன்சர்வீஸ்நான்அனானிமஸ்மோட் என்ற இரண்டாவது வரியையும் 1 என்று எழுதியே ஆக வேண்டும். 'எனக்கு அநாமதேயம் வேண்டாம்' என்று நடத்துபவரே தன் கையால் எழுதும் ஒப்புதல் அது. இத்தகைய இணை அமைவுகளின் பதிவுகளில் ஒன்றைத் திருத்தினால் மற்றதையும் திறந்து படியுங்கள்.

எச்சரிக்கை எழுதும்போது 'கவனமாகப் பயன்படுத்தவும்' என்று எழுதாதீர்கள், அதிலிருந்து யாரும் எதையும் கற்க முடியாது. சாக்ஸ்போர்ட்டை 127.0.0.1 தவிர்த்த முகவரியில் திறந்தால் சாக்ஸ் நெறிமுறைக்கு மறையாக்கம் கிடையாது, உள்ளூர் வலையமைப்பில் இருப்பவர் பார்க்கலாம் என்று எழுதுங்கள். கன்ட்ரோல்போர்ட்டைக் கடவுச்சொல்லோ குக்கியோ இல்லாமல் திறந்தால், அந்தப் போர்ட்டை எட்டுகிற எந்த நிரலும் உங்கள் டாரை ஆட்டிவைக்கலாம் என்று எழுதுங்கள்.

நீக்குதல்

ஓர் அமைவு இல்லாமல் போவது சேர்ப்பதைவிட அதிகக் கவனம் கேட்கும். டாருக்குத் தெரியாத பெயர் கோப்பில் இருந்தால் அது தொடங்கவே மறுக்கும். ஒரு காலத்தில் இருந்து, இப்போது கைவிடப்பட்ட பெயர் என்றால், எச்சரித்துவிட்டு அந்த வரியைத் தாண்டிப் போகும். இரண்டாவது வகைதான் கவலைக்குரியது, ஏனென்றால் வரி கோப்பில் இருக்கிறது, டாரும் ஓடுகிறது, வேலை மட்டும் நடப்பதில்லை.

ஆனியன் சர்வீஸின் இரண்டாம் பதிப்பு விடைபெற்ற கதை இதற்குப் பாடநூல். 16 எழுத்து முகவரியும் 1024 பிட் ஆர்எஸ்ஏ சாவியும் கொண்ட அந்தப் பதிப்பு பலவீனமாகிவிட்டது. 2020 ஜூலையில் டார் திட்டம் அதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2021 ஜூனில் நிலைப்பதிப்பான 0.4.6 அதை அகற்றியது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த வெளியீடுகள் ஆதரவிலிருந்த மற்ற வரிசைகளிலும் அதை நிறுத்தின. எஞ்சியது 56 எழுத்து முகவரியுள்ள மூன்றாம் பதிப்பு.

கையேட்டில் அதற்கு எத்தனை இடங்களில் கை வைக்க வேண்டியிருந்தது என்று எண்ணிப் பாருங்கள். அனுமதி பெற்ற பயனர்களை மட்டும் உள்ளே விட இரண்டாம் பதிப்பில் ஹிடன்சர்வீஸ்ஆதரைஸ்கிளையன்ட் என்ற வரி. மூன்றாம் பதிப்பில் வரியே கிடையாது, சர்வீஸின் அடைவுக்குள் 'ஆதரைஸ்டு கிளையன்ட்ஸ்' என்ற உள் அடைவில் ஆளுக்கொரு கோப்பு வைக்க வேண்டும். பயனர் பக்கத்தில் ஹிட்சர்வ்ஆத் போய் கிளையன்ட்ஆனியன்ஆத்டிர் வந்தது. கையேட்டின் கடைசியில் கோப்புகளை விளக்கும் பகுதியில் பழைய சாவிக் கோப்பின் பெயர் போய்ப் புதிய பெயர்கள் வர வேண்டும். செக்யூர்டிராப் போல, ரகசிய ஆவணங்களைப் பத்திரிகைகளுக்கு அனுப்ப உதவும் மென்பொருள்கள் இந்த ஆனியன் சர்வீஸ்களின் மேல்தான் நிற்கின்றன. அங்கே பழைய வரியை வைத்துக்கொண்டு 'அனுமதிக் கட்டுப்பாடு இருக்கிறது' என்று நம்புவது எவ்வளவு ஆபத்து என்று விளக்க வேண்டியதில்லை.

ஆகவே பதிவை அழிக்குமுன் அதன் பெயரைக் கையேடு முழுவதும் தேடுங்கள், மற்றப் பதிவுகள் அதைச் சுட்டிக்கொண்டிருக்கும். அதன் இடத்தைப் பிடித்தது எது என்பதை அந்த மாற்றின் பதிவில் ஒரு வாக்கியமாவது எழுதுங்கள். விளக்க உரையில் 'ஆனியன் சர்வீஸ்' என்ற இன்றைய வழக்கு இருக்கலாம், ஆனால் அமைவின் பெயர் ஹிடன்சர்வீஸ் என்று தொடங்குவதால் அதை அப்படியே விட்டுவிட வேண்டும். ஒழுங்குபடுத்துகிறேன் என்று அதை மாற்றி எழுதினால், நகலெடுத்து ஒட்டுபவரின் டார் தொடங்காது.

மாதிரிக் கோப்பு

மாதிரி டார்ஆர்சியில் இரட்டை எண்குறியோடு தொடங்கும் வரி விளக்கம். ஒற்றை எண்குறியோடு தொடங்குவது அணைத்துவைத்த அமைவு, குறியை நீக்கினால் உயிர்பெறும். இந்த வேறுபாட்டைக் கெடுக்காதீர்கள்.

இந்தக் கோப்பில் எழுதும் சொல் நீண்ட நாள் வாழும். டெபியன் போன்ற வினியோகங்களில் பயனர் ஒரு வரியை மாற்றியிருந்தாலே, மேம்படுத்தும்போது பழைய கோப்பை வைத்துக்கொள்வதே வழக்கம். பல ஆண்டுகளுக்கு முந்தைய விளக்கத்தோடு இன்றைய டார் ஓடும் சர்வர்கள் இதனால் உண்டாகின்றன. மாறக்கூடிய எண்களையும் நுணுக்கங்களையும் மாதிரிக் கோப்பில் எழுதாமல், 'விவரங்களுக்குக் கையேட்டைப் பார்க்கவும்' என்று அனுப்பிவிடுவதே நல்லது. டார் பிரவுசர் பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் கோப்பே வேண்டாம். அதன் டார் 9150 போர்ட்டில், தனக்கென அமைந்த அமைவுகளோடு வருகிறது, அதைத் தொடாமல் விடுவதே அவர்களுக்குப் பாதுகாப்பு.

திருத்தத்தை அனுப்புதல்

ஒரு திருத்தத்தோடு 'சேஞ்சஸ்' அடைவில் சிறு கோப்பு ஒன்றையும் சேர்க்க வேண்டும். ஆவணம் என்ற தலைப்பு, என்ன மாறியது, எந்த டிக்கெட், தவறு எந்தப் பதிப்பிலிருந்து இருக்கிறது. கடைசித் தகவலைத் தேடச் சோம்பாதீர்கள். கிட் வரலாற்றில் அந்த வரியை யார் எப்போது எழுதினார் என்று பார்த்தால் கிடைத்துவிடும். எந்தப் பதிப்பு வரிசைகளில் திருத்தம் போக வேண்டும் என்று பராமரிப்பாளர்கள் முடிவெடுக்க அது உதவும். ஒரு திருத்தத்தில் ஒரு பொருள் மட்டும் இருக்கட்டும். எழுத்துப்பிழைகளையும் பொருள் மாற்றத்தையும் ஒரே கமிட்டில் கலந்தால், சரிபார்ப்பவரின் கண்ணிலிருந்து முக்கியமானது தப்பிவிடும். நடத்தையைச் சோதிக்க வேண்டுமென்றால், உங்கள் கணினிக்குள்ளேயே சிறு டார் வலையமைப்பை எழுப்பும் சட்னி என்ற கருவியைப் பயன்படுத்துங்கள். உண்மையான வலையமைப்பில் சோதனை செய்ய வேண்டாம், அதில் ஓடுவது பிறருடைய பாதுகாப்பு.

ரஸ்ட் மொழியில் டாரைப் புதிதாக எழுதும் ஆர்ட்டி திட்டம் 2022 செப்டம்பரில் 1.0.0 பதிப்பை எட்டியது. அங்கே அமைவுகள் டோம்ல் வடிவில் இருக்கின்றன. மாதிரிக் கோப்பில் அணைத்துவைத்த வரிகளை உயிர்ப்பித்தால் கிடைக்கும் மதிப்புகளும் நிரலின் இயல்பு மதிப்புகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒரு சோதனை ஒப்பிடுகிறது. பொருந்தாவிட்டால் சோதனை தோற்கும். சி மொழி டாருக்கு இவ்வளவு இறுக்கமான காவல் கிடையாது, அதன் கையேட்டில் மதிப்புகளையும் விளக்கங்களையும் மனிதக் கண்தான் காக்கிறது.

நீங்கள் ரிலேயோ ஆனியன் சர்வீஸோ நடத்துகிறீர்கள் என்றால் உங்கள் சொந்த டார்ஆர்சியிலிருந்தே தொடங்குங்கள். அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் இன்றைய கையேட்டின் பதிவைத் திறந்து, அது சொல்வதும் உங்கள் டார் செய்வதும் ஒன்றா என்று பாருங்கள். ஒத்துப்போகாத இடத்தில், திருத்தத் தெரியாவிட்டாலும் ஒரு டிக்கெட்டாவது எழுதுங்கள். பதிப்பு எண், நீங்கள் எழுதிய வரி, எதிர்பார்த்தது, நடந்தது என்ற நான்கும் அதில் இருந்தால், மீதியைச் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள்.